ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து உங்க டேட்டா லீக் ஆயிடுச்சா? அடுத்து என்ன பண்ணணும்... முழு கைடு!

ஜூலை மாசம் வந்துட்டா போதும். விழுப்புரம் நேருஜி ரோட்டுலயும் திண்டிவனம் கடைத்தெருவுலயும் ஆடிட்டர் ஆபீஸ் மாடிப்படியில செருப்பு குவிஞ்சு கிடக்கும். அரிசி மண்டி ஓனர், மரக்காணம் உப்பு வியாபாரி, ஸ்கூல் டீச்சர், சென்னையில ஐ.டி. வேலை பார்க்குற பையனோட அப்பானு எல்லாரும் கையில ஒரு பிளாஸ்டிக் கவரோட உட்கார்ந்திருப்பாங்க. அந்தக் கவருக்குள்ள என்ன இருக்கும்? பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16, சில சமயம் வீட்டுப் பத்திரத்தோட ஜெராக்ஸ்.

ஒருத்தரைப் பத்தி இவ்வளவு விஷயமும் ஒரே இடத்துல கிடைக்கிறது பேங்க்லகூட கஷ்டம். ஆனா, ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரே ஃபோல்டர்ல இருக்கும். அந்த கம்ப்யூட்டரை யாராவது ஹேக் பண்ணிட்டா? வேலையை விட்டுப் போன ஸ்டாஃப் ஒரு பென் டிரைவ்ல மொத்தத்தையும் காப்பி பண்ணிட்டுப் போயிட்டா? பதற்றப்படாம என்ன செய்யணும், யார்கிட்ட போகணும், நஷ்டஈடு கிடைக்குமானு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

இதெல்லாம் நிஜமாவே நடக்குமா?

நடக்கும். உலகத்தோட பெரிய நாலு கணக்குத் தணிக்கை நிறுவனங்கள்ல ஒண்ணு டெலாய்ட். மத்த கம்பெனிகளுக்கு சைபர் பாதுகாப்பு பத்தி ஆலோசனை சொல்றதும் அவங்க தொழில்ல ஒண்ணு. அவங்களோட இ-மெயில் சிஸ்டத்துக்குள்ளயே ஹேக்கர்கள் புகுந்துட்டாங்கனு 2017 செப்டம்பர்ல 'தி கார்டியன்' பத்திரிகை செய்தி வெளியிட்டுச்சு. நுழைஞ்ச வழி, ஒரு அட்மின் அக்கவுன்ட். அதுக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டுதான் இருந்துச்சு, ரெண்டாவது கட்டமா ஓ.டி.பி. மாதிரி எதுவும் இல்லைனு அந்தச் செய்தி சொன்னுச்சு. பாதிக்கப்பட்ட க்ளையன்ட்டுகள் ரொம்பக் குறைவுனு டெலாய்ட் விளக்கம் கொடுத்துச்சு.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். சென்னையைத் தலைமையிடமா கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் வாடிக்கையாளர்களோட தகவல்கள், 2024-ல டெலிகிராம் சாட்பாட் வழியா வெளியில வந்துச்சு. பேர், போன் நம்பர், முகவரி, அடையாள அட்டை காப்பி, மருத்துவ ரிப்போர்ட் வரைக்கும் அதுல இருந்துச்சு. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததா அந்த நிறுவனமே சொன்னுச்சு. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், டெலிகிராமுக்கு எதிரா இடைக்கால உத்தரவும் வாங்குனாங்க.

வருமான வரித் துறையோட இ-ஃபைலிங் போர்ட்டலே தப்பிக்கலை. 2025 அக்டோபர்ல 'டெக்க்ரஞ்ச்' வெளியிட்ட செய்திப்படி, லாகின் பண்ணின ஒருத்தர் தன்னோட பான் நம்பருக்குப் பதிலா வேற ஒருத்தரோட பான் நம்பரை மாத்தி அனுப்பினா, அவங்க முகவரி, பிறந்த தேதி, பேங்க் விவரம், ஆதார் நம்பர் எல்லாம் தெரியுற மாதிரி ஒரு ஓட்டை இருந்துச்சு. அதை ரெண்டு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சு சொன்னதும் சரி பண்ணிட்டாங்க.

இவ்வளவு பெரிய இடங்கள்லயே இந்த நிலைமைன்னா, எல்லா க்ளையன்ட் பாஸ்வேர்டையும் ஒரே எக்ஸெல் ஷீட்ல போட்டு வெச்சிருக்குற சின்ன ஆபீஸை யோசிச்சுப் பாருங்க. அவங்க கெட்டவங்கனு இல்ல. 'ஜி.எஸ்.டி. நோட்டீஸ்'னு வர்ற ஒரு போலி மெயிலை அவசரத்துல கிளிக் பண்ணினாலே கதை முடிஞ்சிடும்.

லீக் ஆன டேட்டாவை வெச்சு என்ன பண்ணுவாங்க?

பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். பான் நம்பரையும் பிறந்த தேதியையும் மாத்த முடியாது. ஐ.டி.ஆர். அக்னாலெட்ஜ்மென்ட் பி.டி.எஃப்-ஐ திறக்குற பாஸ்வேர்டே, சின்ன எழுத்துல பான் நம்பரும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான். அது ரெண்டும் தெரிஞ்சவங்களுக்கு உங்க வருமானமும் தெரிஞ்சிடும்.

பொதுவா நாலு விதமா தொல்லை வரும்.

1. உங்க பேர்ல கடன். ஆன்லைன் லோன் ஆப்கள்ல பான், ஆதார் காப்பி, போட்டோ வெச்சு கடன் வாங்க முயற்சி பண்ணுவாங்க.

2. உங்க பேர்ல போலி ஜி.எஸ்.டி. பதிவு. பான், ஆதார், இ.பி. பில், வாடகை ஒப்பந்தம் இருந்தா போதும். கூலி வேலை செய்றவங்களுக்குக் கோடிக்கணக்குல ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த செய்திகளோட பின்னணி பெரும்பாலும் இதுதான்.

3. உங்க டி.எஸ்.சி. டோக்கன். அந்தச் சின்ன யூ.எஸ்.பி. உங்க கையெழுத்துக்குச் சமம். நிறைய பேரோடது இன்னமும் ஆடிட்டர் ஆபீஸ் டிராயர்லதான் தூங்குது.

4. நம்ப வைக்கிற போன் கால். "உங்களுக்கு இவ்வளவு ரீஃபண்ட் வரணும் சார்"னு சரியான தொகையைச் சொல்லிப் பேசினா, யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

முதல் 24 மணி நேரம்: இதை மட்டும் உடனே பண்ணுங்க

* பணம் ஏற்கெனவே போயிடுச்சுன்னா மத்த எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு 1930-க்கு போன் பண்ணுங்க. அடுத்து பேங்குக்குச் சொல்லுங்க. உங்க மேலயும் பேங்க் மேலயும் தப்பு இல்லாம, மூணாவது இடத்துல நடந்த லீக்கால பணம் போயிருந்தா, பேங்க் மெசேஜ் வந்த மூணு வேலை நாளுக்குள்ள புகார் பண்ணினா உங்களுக்கு இழப்பு கிடையாதுனு ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை சுற்றறிக்கை சொல்லுது. நாலுல இருந்து ஏழு நாள்னா, இழப்புல ஒரு பகுதி உங்க தலையில விழும். ஓ.டி.பி-யை நீங்களே சொல்லியிருந்தா, புகார் பண்ற வரைக்கும் போன பணம் உங்க பொறுப்பு.

* இ-ஃபைலிங் பாஸ்வேர்டை மாத்துங்க. அதோட புரொஃபைல்ல இருக்குற மொபைல் நம்பர், மெயில் ஐ.டி. யாரோடதுனு பாருங்க. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அதுல ஆடிட்டர் ஆபீஸ் நம்பர்தான் இருக்கும். அது மாறாம பாஸ்வேர்டை மட்டும் மாத்தினா, பூட்டை மாத்திட்டு சாவியை வாசல்லயே வெச்சுட்டு வந்த மாதிரி.

* அதே போர்ட்டல்ல 'இ-ஃபைலிங் வால்ட்'னு ஒரு வசதி இருக்கு. அதை ஆன் பண்ணினா ஆதார் ஓ.டி.பி., நெட் பேங்க்கிங் மாதிரி இன்னொரு கட்டத்தைத் தாண்டித்தான் லாகின் பண்ண முடியும். 'ஆதரைஸ்டு பார்ட்னர்ஸ்' பகுதியில உங்க கணக்குக்கு யார் யாருக்கு அனுமதி இருக்குனும் பாருங்க.

* ஜி.எஸ்.டி. இருந்தா அங்கேயும் பாஸ்வேர்டு, மொபைல், மெயில் மூணையும் சரிபாருங்க.

* டி.எஸ்.சி. டோக்கனை நேர்ல போய் வாங்கிட்டு வந்துடுங்க. வேற யாராவது பயன்படுத்தியிருக்கலாம்னு சந்தேகம் இருந்தா, சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு உடனே சொல்லி ரத்து பண்ணுங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 42-வது பிரிவு, அந்தச் சாவியைப் பத்திரமா வெச்சுக்குறதும், கை மாறினா தாமதிக்காம சொல்றதும் உங்க கடமைனு சொல்லுது.

* எம்-ஆதார் ஆப்ல பயோமெட்ரிக் லாக் போடுங்க. உங்க ஆதார் எங்கெல்லாம் பயன்பட்டிருக்குங்கிற ஹிஸ்டரியும் அதுலயே பார்க்கலாம். உதவிக்கு 1947.

முதல் ஒரு மாசம்: கண்காணிப்பு

லீக் ஆன அன்னிக்கே தொல்லை வரணும்னு அவசியம் இல்ல. டேட்டா கை மாறிக் கை மாறி, ஆறு மாசம் கழிச்சும் வரலாம். அதனால காலண்டர்ல குறிச்சு வெச்சு இதையெல்லாம் பாருங்க.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு நாலு கிரெடிட் நிறுவனங்கள் இருக்கு. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமா தரணும்ங்கிறது ரிசர்வ் வங்கி விதி. மூணு மாசத்துக்கு ஒண்ணுனு மாத்தி மாத்தி எடுத்தா, வருஷம் முழுக்கக் கண்காணிக்கலாம், பைசா செலவில்லை. தெரியாத கடன் இருந்தா புகார் கொடுங்க. 30 நாள்ல சரி பண்ணலைன்னா, அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் அவங்க உங்களுக்குத் தரணும்.

ஜி.எஸ்.டி. வெப்சைட்ல லாகின் பண்ணாமலேயே 'சர்ச் பை பான்' பகுதியில உங்க பான் நம்பரைப் போட்டுப் பாருங்க. உங்க பேர்ல எங்கெங்க ஜி.எஸ்.டி. பதிவு இருக்குனு வந்துடும். நீங்க வாழ்க்கையில போகாத ஊர்ல ஒரு கம்பெனி இருந்தா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்த போர்ட்டல்லயே புகார் பதியுங்க, போலீஸ்லயும் சொல்லுங்க.

இ-ஃபைலிங்ல ஏ.ஐ.எஸ்., 26ஏ.எஸ். ரெண்டையும் பாருங்க. உங்களுக்குச் சம்பந்தமில்லாத வருமானம் இருந்தா, ஏ.ஐ.எஸ்-லயே மறுப்பு பதிவு பண்ண வழி இருக்கு. ஏற்கெனவே தாக்கல் பண்ணின ரிட்டர்ன் பட்டியல்ல நீங்க சொல்லாத திருத்திய ரிட்டர்ன் ஏதாவது இருக்கானும் பாருங்க. 'சஞ்சார் சாத்தி' தளத்துல உங்க பேர்ல எத்தனை சிம் கார்டு இருக்குனு தெரிஞ்சுக்கலாம்.

ஆடிட்டர்கிட்ட எப்படிக் கேக்குறது?

இதுதான் நிறைய பேருக்குப் பெரிய தயக்கம். அப்பா காலத்துல இருந்து கணக்கு பார்க்குறவர், வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர், "என்னப்பா, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?"னு கேட்டுட்டா என்ன பண்றது? சண்டை போட வேண்டாம். "சார், பேங்க்ல எழுத்துல கேக்குறாங்க, ஒரு லெட்டர் கொடுத்துடுறேன்"னு சொல்லுங்க. எழுத்துல இருந்தா நாளைக்கு உங்களுக்கு ஆதாரம், அவருக்கும் பாதுகாப்பு. இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் அலுவலகக் கணினியில் இருந்து வாடிக்கையாளர் தகவல்கள் வெளியேறியதாக அறிந்தேன். (1) அது எந்தத் தேதியில் நடந்தது, எப்போது தெரியவந்தது? (2) என்னுடைய மற்றும் என் குடும்பத்தினரின் எந்தெந்த ஆவணங்கள் அதில் இருந்தன? (3) காவல்துறைக்கும் செர்ட்-இன் அமைப்புக்கும் தகவல் தெரிவிக்கப்பட்டதா? புகார் எண் என்ன? (4) என் டி.எஸ்.சி. டோக்கனையும் அசல் ஆவணங்களையும் திருப்பித் தரவும். (5) தங்களிடம் உள்ள என் பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டு எழுத்துப்பூர்வமாக உறுதி செய்யவும். ஏழு நாள்களுக்குள் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன்."

நேர்ல கொடுத்தா நகல்ல தேதியோட கையெழுத்து வாங்கிக்கோங்க. இல்லைன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, மெயிலும் பண்ணுங்க. மூணாவது கேள்வி ஏன் முக்கியம்? சைபர் தாக்குதல் தெரிஞ்ச ஆறு மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கணும்னு 2022 ஏப்ரல்ல வந்த உத்தரவு நிறுவனங்களுக்குப் பொருந்தும். அஞ்சாவதுல 'எல்லா ஃபைலையும் அழிங்க'னு கேக்கலை, கவனிச்சீங்களா? கணக்கு ஆவணங்களைச் சில வருஷம் வெச்சிருக்க வேண்டிய கடமை அவங்களுக்கு இருக்கு. பாஸ்வேர்டை வெச்சிருக்க எந்தக் கடமையும் இல்ல.

புகார் பண்ண எங்கே போகணும்?

*போலீஸ்:* தேசிய சைபர் க்ரைம் போர்ட்டல்ல ஆன்லைன்லயே புகார் பதியலாம். நேர்ல போகணும்னா விழுப்புரத்துல மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையம் இருக்கு. திண்டிவனத்துல இருக்குறவங்க பக்கத்து ஸ்டேஷன்லயே புகார் கொடுக்கலாம். எந்த எல்லைக்குள்ள குற்றம் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு பண்ணணும்னு பி.என்.எஸ்.எஸ். சட்டத்தோட 173-வது பிரிவு சொல்லுது. உங்க அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினா ஐ.டி. சட்டம் 66சி. ஸ்டாஃப் யாராவது தெரிஞ்சே டேட்டாவை வித்திருந்தா 72ஏ. ரெண்டுக்கும் மூணு வருஷம் வரை சிறை உண்டு. சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். காப்பியைக் கட்டாயம் வாங்குங்க. நாளைக்கு லோன் கம்பெனியில இருந்து ஆள் வந்தா, காட்டுறதுக்கு உங்ககிட்ட இருக்குற முதல் ஆயுதம் அதுதான்.

*ஐ.சி.ஏ.ஐ.:* நம்ம ஊர்ல வரி ரிட்டர்ன் போடுற எல்லாரையும் 'ஆடிட்டர்'னுதான் கூப்பிடுவோம். ஆனா, எல்லாரும் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் இல்ல. வரி ஆலோசகரா இருக்கலாம், கணக்காளரா இருக்கலாம். சி.ஏ.வா இருந்தா மட்டும்தான் அவங்க அமைப்பான ஐ.சி.ஏ.ஐ-ல ஒழுங்கு நடவடிக்கைக்குப் புகார் பண்ண முடியும். வாடிக்கையாளர் தகவலை அனுமதி இல்லாம வெளியிடுறது, வேலையில கடும் அலட்சியம் காட்டுறது ரெண்டுமே 1949-ம் வருஷ சி.ஏ. சட்டத்துல தொழில்முறைத் தவறுகள். 'ஐ' படிவத்துல புகார் அனுப்பணும். அவங்க தண்டிக்கலாம், பேரையே பதிவேட்டுல இருந்து நீக்கலாம். ஆனா, உங்களுக்கு நஷ்டஈடு அங்கே கிடைக்காது.

*நுகர்வோர் ஆணையம்:* ஃபீஸ் கொடுத்து வாங்கின சேவையில குறைபாடுனு விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். நீங்க கொடுத்த ஃபீஸ் 5 லட்சத்துக்குள்ள இருந்தா வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாம நீங்களே வாதாடலாம், 'இ-ஜாக்ரிதி' தளத்துல ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம். சம்பளக்காரங்களுக்கு இந்த வழி சுலபம். பெரிய பிசினஸ்னா 'வணிக நோக்கம்'னு எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். பிழைப்புக்காகச் சொந்தமா சின்னக் கடை நடத்துறவங்களுக்கு அந்தச் சட்டத்துலயே விலக்கு இருக்கு.

*நீதி வழங்கு அதிகாரி:* நிறைய பேருக்குத் தெரியாத கதவு இது. ஐ.டி. சட்டத்தோட 46-வது பிரிவுப்படி, மாநிலத்தோட தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே 5 கோடி ரூபாய் வரையிலான நஷ்டஈட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கலாம். இந்த மாதிரி வழக்குக்கு சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, இங்கேதான் வரணும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்ல. தூத்துக்குடி கிளையில கணக்கு வெச்சிருந்த ஒரு வெளிநாடுவாழ் தமிழர், 2007-ல ஃபிஷிங் மெயிலால 6 லட்சம் ரூபாய்க்கு மேல இழந்தார். ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரணும்னு 2010-ல தமிழ்நாட்டோட நீதி வழங்கு அதிகாரி உத்தரவு போட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனதால விவகாரம் அதோட முடியலை. பொறுமை வேணும், ஆனா வழி இருக்கு.

இந்தத் தேதியைக் குறிச்சு வெச்சுக்கோங்க: 2027 மே

இப்போதைக்கு நஷ்டஈடு கேக்க உதவுற முக்கியமான பிரிவு 43ஏ. பாஸ்வேர்டு, பேங்க் விவரம், பயோமெட்ரிக் மாதிரி முக்கியமான தகவலை அலட்சியமா வெச்சிருந்து, அதனால உங்களுக்கு இழப்பு வந்தா, அந்த நிறுவனம் நஷ்டஈடு தரணும். இதுல 'நிறுவனம்'ங்கிறது கூட்டு நிறுவனத்தையும், தனி ஒருத்தர் நடத்துற தொழிலையும் சேர்த்துதான். மாடி ரூம்ல ரெண்டு கம்ப்யூட்டர் வெச்சு நடத்துற ஆபீஸும் இதுக்குள்ள வரும்.

2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு. முக்கியக் கடமைகள் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம் அமலுக்கு வரும். அப்போ லீக் ஆனா உங்களுக்குத் தாமதமில்லாம சொல்லியே ஆகணும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள்ள முழு விவரம் கொடுக்கணும். பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லைன்னா 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

கேக்கவே நல்லா இருக்குல்ல? இதுல ஒரு சிக்கல். அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்ட உங்களுக்கு அதுல ஒரு ரூபாயும் வராது. அதோட, அதே நாள்ல 43ஏ பிரிவு நீக்கப்படும். அதனால, இப்போ இழப்பு ஏற்பட்டு, கையில ஆதாரமும் இருந்தா, 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போடாதீங்க. ஒரு வக்கீலைப் பார்த்து சீக்கிரம் முடிவெடுங்க. அதுக்கப்புறமும் நுகர்வோர் ஆணையம் இருக்கும்.

எந்தக் கதவைத் தட்டினாலும் 'இழப்பு என்ன, ஆதாரம் என்ன?'னுதான் கேப்பாங்க. மெசேஜ், கால் லிஸ்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆடிட்டருக்குக் கொடுத்த லெட்டர், ஃபீஸ் கட்டின ஜிபே ரசீது எல்லாத்தையும் தேதி வாரியா ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. ரசீது இல்லாம கையில காசு கொடுக்குற பழக்கம் இருந்தா, இந்த வருஷத்தோட நிறுத்திடுங்க.

அடுத்த ஜூலைக்கு முன்னாடி...

* ஆதார் கொடுக்கணும்னா முதல் எட்டு நம்பர் மறைஞ்ச 'மாஸ்க்டு ஆதார்' போதுமானு கேளுங்க.
* ஜெராக்ஸ் மேல 'இந்த வருஷ ஐ.டி.ஆர்-க்கு மட்டும்'னு தேதியோட குறுக்க எழுதி கையெழுத்துப் போடுங்க.
* போர்ட்டல்ல உங்க மொபைல், உங்க மெயில் மட்டும் இருக்கட்டும். ஓ.டி.பி. கேட்டா, சரிபார்த்துட்டு அந்த நேரத்துல சொல்லுங்க.
* ரிட்டர்ன் போட்டு முடிஞ்சதும் பாஸ்வேர்டை மாத்துங்க.
* வாட்ஸ்அப்ல அனுப்பின ஃபார்ம் 16-ஐ வேலை முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் டெலீட் பண்ணச் சொல்லுங்க.
* 'எங்க ஃபைலை எங்கே வெச்சிருக்கீங்க, யாரெல்லாம் பார்க்க முடியும்?'னு ஒரு தடவை கேளுங்க. நல்ல ஆடிட்டர் அதுக்குக் கோபப்பட மாட்டார்.

இந்த லிஸ்ட்டை நீங்க படிச்சுட்டீங்க. ஆனா, உங்க வீட்டுல ஆடிட்டர் ஆபீஸுக்கு கவரோட போறது பெரும்பாலும் அப்பாவோ, தையல் கடை வெச்சிருக்குற அம்மாவோதான். இந்த ஞாயித்துக்கிழமை அவங்க போனை வாங்கி, இ-ஃபைலிங் புரொஃபைல்ல யாரோட நம்பர் இருக்குனு மட்டும் முதல்ல பாருங்க. அஞ்சு நிமிஷ வேலைதான்.